எட்டாம் தரம்

குடியாத்தம், நெல்லூர்ப்பேட்டை. பன்னிரண்டு பேர்.
மாசியில் ஒருமுறை கேட்டேன், சித்திரையில் ஒருமுறை:
கழுத்துவலிக்குப் பத்துக்கு எத்தனை?
மடியில் முறம், முறத்தில் இலை,
நிமிராமலே சொன்னார்கள்.
ஆறு. எட்டு.
"உனக்குத் தோணினதப் போட்டுக்கம்மா."

பன்னிரண்டு எண்ணை வைத்து
மணிவடிவம் என்று சத்தியம் செய்ய முடியாது.
எனவே தர வரிசை.
முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து,
கூட்டல் கழித்தலைக் கையால் மறைத்து,
சின்ன வித்தியாசம் முதலில், பெரியது கடைசியில்,
ரேஷன் கடை மாதிரி நிறுத்தினேன்.
ஒன்று இறங்கியவர்கள் மூவர்;
ஆளுக்கு இரண்டாம் இடம், சண்டையில்லை.

மைமூனாவும் தேவகுஞ்சரியும் பூஜ்யம்.
ஏழு, ஏழாகவே. ஐந்து, ஐந்தாகவே.
அவர்களை வெளியே நிற்கச் சொல்கிறது முறை.
எட்டு வாரம் தோளைத் தூக்கி இறக்கியவர்கள்.

மிச்சம் பத்து. ஒன்பது பேருக்கு வலி குறைந்தது.
பவுனம்மாவுக்கு மட்டும் நான்கு, எட்டானது.
கையை எடுத்துக் குறியைப் பார்த்தேன்:
எட்டாம் தரம், கழித்தல்.
அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான்.

பத்துப் பேருக்கு அட்டவணை கேட்பது
சிறிய கூட்டுத்தொகை எட்டு, அல்லது அதற்குக் கீழே.
எட்டு!
ஒன்பதாயிருந்தால் போச்சு.
காட்பாடி பஸ்ஸில், ஜன்னலோரம், அனல் காற்றில்
தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது சும்மாதான் கேட்டேன்,
உங்களுக்கு மட்டும் ஏன்க்கா ஏறிச்சு?

"ஷாஹிதா உன் பயிற்சிக்கு வரணுமில்ல?
அவ ஆயிரத்துல பாதி நான்தான் சுத்துனேன்.
ராவுல. கரண்டு இருந்தா."

ஷாஹிதா. எட்டிலிருந்து இரண்டு.
பத்தாம் தரம். பட்டியலிலேயே பெரிய கூட்டல்.

ஒருவர் ஜோடி இன்னொருவரைச் சாரக் கூடாது:
முதல் பக்கத்தில், படிக்காமலே, நான் டிக் போட்ட நிபந்தனை.
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்,
அதில் ஒரு ஆணி, இரண்டு கத்தரிக்கோல்.

அடிக்குறிப்பு எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன்:
'வலியில் ஒரு பகுதி இடம் மாறியிருக்கலாம்.'
இதற்கு என்ன சோதனை என்று டாக்டர் கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.

அன்று பவுனம்மா
பேசிக்கொண்டே இருபத்தைந்தாவதைச் செருகி
கட்டை நூலால் இறுக்கினாள்.
யார் கட்டு என்று
நான் கேட்கவில்லை.