பதினோராம் வாசகம்

ஜூன் மழையில் கடதாசி ஈரம் உறிஞ்சி
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.
அதற்காகவே அலுமாரிக்குள்
நாற்பது வாட் பல்ப் ஒன்று எரியும்.
லிந்துலைத் தொழிற்சாலையின் ஒப்பந்தங்கள் எல்லாம்
அந்த மஞ்சள் வெளிச்சத்தில்
முட்டைபோல அடைகாக்கப்படுகின்றன.

இருபத்தாறு வருடத்து மாதிரிப் படிவம்.
டைப்ரைட்டரில் பிறந்தது,
கணினிக்கு ஏறியபோது எழுத்தின் வடிவம் மட்டும் மாறியது.
பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி:
மூன்று இடத்தைத்தான் நான் தொடுவேன்.
மீதி சரியாக இருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை. நானாக நம்பினேன்.

கணக்காய்வுக்கு ஆள் வருகிறார்களாம்.
"சட்டத்தோட ஒத்துப் பாத்து வையுங்க"
என்று வர்த்தமானிக் கட்டைப் போட்டுவிட்டுப்
பிளேன்டீக்குப் போனார்
பெரிய கிளாக்கர் சந்தியாப்பிள்ளை.

ஓய்வு வயது ஐம்பத்தைந்தை வெட்டினேன். அறுபது.
பதினோராம் வாசகத்தில் விரல் நின்றது.
மூன்றாவது பிள்ளைப்பேறு முதல்
நாற்பத்திரண்டு நாள் லீவு.
அதை எண்பத்து நான்காக்கிச்
சட்டம் வந்தது இரண்டாயிரத்துப் பதினெட்டில்.
எங்கள் தாளுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.

அடுத்த வருடம்
அதே தாளில் நான் அடித்த பெயர்
ஆர். ரேணுகாதேவி, சல்லடை அறை.
நாற்பத்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்தாள்.
பத்து மணிக்கெல்லாம் ஜாக்கெட் நனைந்து
அதன்மேல் தேயிலைத் தூசி அப்பி
நெஞ்சில் இரண்டு கறுப்பு வட்டம்.
"லயத்துக்குப் போய் மாத்திட்டு வா"
என்றவளும் நான்தான்.
செக்ரோலில் அரைநாள் வெட்டியதும்.

இன்று புதுத் தாளோடு கூப்பிட்டேன்.
இந்த முறை தமிழிலும் அடித்திருந்தேன்.
விரல் வைத்து, வரி வரியாக வாசித்தாள்.
அவள் விரலும் அங்கேதான் நின்றது.

"இது எப்ப வந்த சட்டம்?"

சொன்னேன்.

என்னைப் பார்க்கவில்லை.
சுவரில் தொங்கிய உரக் கம்பனிக் கலண்டரைப் பார்த்தாள்.
"கடைசி மகன் இப்ப ஆண்டு ரெண்டு" என்றாள்.
அதற்குமேல் அந்தக் கணக்கை
அவளும் கூட்டவில்லை, நானும் கூட்டவில்லை.

பெருவிரலுக்கு மைப்பெட்டியை நகர்த்தினேன்.
தள்ளி வைத்துவிட்டு
'ரே'யின் கொம்பை நிதானமாகச் சுழித்து
முழுப் பெயரையும் எழுதினாள்.
எழும்பினாள். திரும்ப உட்கார்ந்தாள்.
"அக்கா, பழசுல ஒரு போட்டோக் கொப்பி வேணும்."

அலுவலகக் கோப்பு வெளியே போகக்கூடாது என்பது
எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ.
சந்தியாப்பிள்ளை இன்னும் வரவில்லை.
இயந்திரம் சூடேற ஒரு நிமிடம்.
ஈரத் தாள் சிக்கியது. இழுத்தேன். கிழிந்தது.
பல்புக்குப் பக்கத்தில் இருந்து வேறொன்று எடுத்துப் போட்டேன்.

வந்த பிரதியின் அடியில், சிறிய எழுத்தில்,
'தயாரித்தவர்' என்ற இடத்தில்
என் பெயர்.
டிப்பெக்ஸ் போத்தல்
கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சூடு ஆறுமுன் கொடுத்தேன்.
மடிக்காமல் கொண்டுபோனாள்.