பெட்டி சிரிக்காத கிழமை

வெள்ளவத்தையில், அடகுக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில்
நான் வாய்கள் வரைகிறேன்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கு
ஒன்பது வாய் போதும்.
மகரத்துக்கு ஒரு கோடு.
ஆகாரத்துக்கு ஒரு முட்டை.
ழகரத்துக்குத் தனி வாய் கேட்டேன்,
பட்ஜெட்டில் இல்லையாம்.

எங்கள் கார்ட்டூனில் ஒரு பகிடிக்காரன்.
வாளி மூக்கு, பெயர் தடக்குப்பிள்ளை.
நாற்பது கிழமையாக
நாற்பது வாழைப்பழத் தோலில் வழுக்கியவன்
நாற்பத்தோராவதில்
தோலின் முன் நின்று, குனிந்து பார்த்து,
'இதை இங்க வைக்கச் சம்பளம் வாங்குறது ஆர்?' என்றான்.

பர்ஸானா எழுதிய வசனம்.
கொம்பனித்தெருவில் ரயிலேறி
கடல் பக்கக் கதவோரம் நின்றே எழுதுகிறவள்.
பிறகு அவளுக்குக் கை நிற்கவில்லை.
மாமியார் பகிடி ஒன்று ஓய்வூதியம் கேட்டு
மருதானையில் வரிசையில் நின்றது.
முட்டாள் வேலைக்காரன்
தன்னைவிட முட்டாளான எசமானிடம்
ஓவர்டைம் பில் நீட்டினான்.
சிரிப்பொலிப் பெட்டிகூட ஒரு பாத்திரமாயிற்று:
சில்லுப் பூட்டிய பழுப்புப் பெட்டி,
சிரித்துச் சிரித்து மூடி கழன்றது.

உண்மையான சிரிப்பு
லஹிருவின் விரலில் இருக்கிறது.
லஹிருவுக்குத் தமிழ் தெரியாது.
வசனம் ஏறி, இறங்கி, ஒரு மூச்சு நின்றால்
பொத்தானை அழுத்துவான்.
ஒரேயொரு முறைதான் பிசகியது:
மரண அறிவித்தல் ஒன்று பதிவுக்கு வந்த அன்று.
தாளம் என்னவோ சரியாகத்தான் இருந்தது.

பெட்டிக்குக் குரல் மருதவீரன்.
பன்னிரண்டு வருசமாய்
'ஆமாங்க தொரை' என்று சொல்லியே
கொட்டாஞ்சேனையில் அறை வாடகை கட்டுகிறவர்.
எங்களோடு கதைப்பது செய்தி வாசிக்கிற தமிழ்.
பின்னேரம் அம்மாவின் கோல் வந்தால்
படிக்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துவார்.
கதவு மெல்லிய பலகை.
'சாப்டியாம்மா? மழ பேயுதா அங்குட்டு?'

அன்றைக்கு மைக்கின் முன்
தாளைக் கவிழ்த்து வைத்தார்.
கதவுக்குப் பின்னால் கேட்கிற அதே குரலில்
பெட்டி கதைத்தது:
'எல்லாத்துக்கும் சிரிச்சாச்சுங்க.
தொரைன்னா சிரிப்பு. கொழுந்துன்னா சிரிப்பு.
எங்கம்மா பேசுற மாதிரி பேசுனா
அதுக்கு ரொம்பச் சிரிப்பு.
எனக்குன்னு ஒரு ஜோக்கு
இந்நேரம் வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லீங்க.'

லஹிருவின் விரல்
இறங்க இடம் தேடும் நுளம்பு போல
பொத்தானுக்கு மேலேயே நின்றது.
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
ஹோனடித்துப் போனது பதிவில் விழுந்தது.
'அது இருக்கட்டும்' என்றாள் பர்ஸானா.

சனிக்கிழமை ஒளிபரப்பு.
அடகுக் கடை முதலாளி சொன்னார்:
'இந்தமுறை பகிடி காணாது பிள்ளை.'
மாடி வீட்டுப் பிள்ளைகள்
அட்டைப் பெட்டியைத் தலையில் கவிழ்த்து
'சிரிச்சாச்சுங்க, சிரிச்சாச்சுங்க' என்று
லிஃப்டில் ஏறி ஏறி இறங்கினார்கள்.
விளம்பரம் தருகிற பிஸ்கட் கம்பனியிடமிருந்து கடிதம்:
பெட்டி மிக நன்று.
அந்தப் பாஷையில் இன்னும் கொஞ்சம் சேர்க்கவும்.

பர்ஸானா இரண்டுதரம் வாசித்தாள்.
பிறகு அடுத்த பகுதிக்குள்
ஒரு சொல் மாற்றாமல் அப்படியே ஒட்டினாள்.
மருதவீரன் செய்தித் தமிழில் தொடங்கினார்,
திகதி, முகவரி, அன்புடையீர்,
'இன்னும் கொஞ்சம்' என்ற இடத்தில்
அவருக்கே தாங்கவில்லை.
சிரிப்பு மூக்கால் வந்தது,
குடித்த பிளேன்டீயும் கொஞ்சம் வந்தது.

'மொகக்த கிவ்வே?' என்றான் லஹிரு.
நான் சிங்களத்தில் விளக்கத் தொடங்கி
பிஸ்கட் வரை வந்து நின்றுவிட்டேன்.
பிஸ்கட்டுக்கே சிரித்தான் அவன்,
பொத்தானை மறந்து.

எல்லாரும் போன பிறகு எனக்கு வேலை இருந்தது.
மூக்கால் வருகிற சிரிப்புக்கு எந்த வாய்?
ஆகாரம் பெரிது. மகரம் பொய்.
ழகரத்துக்குக் கேட்டுக் கிடைக்காத வாயை
பென்சிலால் மெல்லத் தொடங்கினேன்,
மேலுதடு பாதியில்
கரண்ட் போயிற்று.