இருபத்தேழாம் நம்பர் இடைவெளி

குனிந்து தரையைத் தொடச் சொன்னாள் தில்ஷாத்.
என் விரல் நுனிக்கும் சிமெண்டுக்கும் நடுவே
ஒரு முழு ஷூவை நெட்டுக்குத்தாக நிறுத்தினாள்.
சரியாக நின்றது.
நாற்பத்திரண்டாம் நம்பர், ஆம்பளை ஷூ,
ஜெர்மனிக்குப் போகிற சரக்கு.
"நவநீதம், நாப்பத்திரண்டு" என்று
அட்டைப்பெட்டியில் சாக்பீஸால் எழுதினாள்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம், மூன்றாவது ஷெட்டில்
பதினொரு வருஷமாய் மேல்தோல் தைக்கிறேன்.
கால் பெடலில், கண் ஊசியில்.
கழுத்து எங்கே என்று யாராவது கேட்டிருந்தால்
ஸ்டோரில் விசாரிங்க என்றிருப்பேன்.
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
எங்கள் வடாற்காட்டைக் கேலி பேசும் பட்டியலில்
திரும்பாத கழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தில்ஷாத்தின் தோளுக்கு
வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
பன்னிரண்டு படம். பன்னிரண்டிலும்
மூக்கும் வாயும் இல்லாத ஒரே ஆள்
கையைத் தூக்குகிறான், காலை மடக்குகிறான்.
தினம் மூன்று வேளை, பத்துப் பத்துத் தடவை.
நாலு நாள் செய்தாள்.
"மூஞ்சியே இல்லாதவனோட எத்தினி நாளு
குடுத்தனம் பண்றது?" என்று
தோல் வெட்டும் கத்தரியை எடுத்தாள்.
பன்னிரண்டு துண்டு.
டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கி,
"ஏலச்சீட்டு ஆரம்பம், வாங்கடி."

மூன்றரை மணி டீக்குப் பதினைந்து நிமிஷம்.
குடிக்க ஐந்து போதும்.

எடுத்த சீட்டுக்கு எடுத்தவளே பேர் வைக்கணும்.
கையை நீட்டிப் பிடித்து நிற்பது ரயில்வே கேட்:
எஸ்தர் சரக்கு ரயிலாய்க் குறுக்கே போவாள்,
ஐம்பத்தெட்டுப் பெட்டியையும் வாயாலேயே ஓட்டி.
கடைசிப் பெட்டி போகிறவரை கை இறங்கக்கூடாது.
அவள் வேண்டுமென்றே நடுவில் நிறுத்துவாள்,
"சிக்னல் இல்லடி" என்று.
இடுப்பைத் திருகுவது ஷேர் ஆட்டோ:
பின்னால் திரும்பி, "நாலாவது ஆள் குந்தும், தள்ளும்மா"
என்று சொல்லி முடிக்கணும், இரண்டு பக்கமும்.
மல்லாந்து கைகாலை ஊன்றி நடப்பது பாலாற்று நண்டு.
தண்ணீர் தேடி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போகும்,
இல்லை என்று திரும்பி வரும்.
கையூன்றாமல் தரையிலிருந்து எழுவதற்கு மட்டும்
யாருக்கும் பேர் தோன்றவில்லை, மூச்சு வாங்கியது.
அதில் தோற்றவள் வெள்ளிக்கிழமை பிரியாணி வாங்கணும்.
இரண்டு வெள்ளி நான் வாங்கினேன்.
மூன்றாவதுக்குக் கடன் சொன்னேன்.

ஆடிட்டுக்கு ஜெர்மன்காரி வந்த அன்று
எல்லோரும் நல்ல பிள்ளைகளாய் மெஷினில் இருந்தோம்.
அவள் அட்டைப்பெட்டி முன்னால் நின்றுவிட்டாள்.
நவநீதம்: 42, 40, 37, 33.
எஸ்தர்: 39, 36, 36, 31.
இது என்ன என்று கேட்டாள்.
சூப்பர்வைசர் பரந்தாமன் எச்சில் விழுங்கி,
"அவங்க கால் அளவு, மேடம்" என்றார்.
மாசாமாசம் கால் சுருங்கும் பெண்களை
அவள் வெகுநேரம் பார்த்தாள்,
முகத்தை அல்ல.
அன்றைக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை,
அப்படி ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் இருபத்தேழு.
சின்னப் பிள்ளை ஷூ, சிவப்பு, வெல்குரோ வைத்தது.
ஒரு மாசமாய் அதிலேயே நிற்கிறேன்.
நிற்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கு டப்பாவில் கைவிட்டேன். நண்டு.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்து மல்லாந்தேன்.
கூரைத் தகரத்தில் ஆணி போன ஓட்டை,
அதற்குள் காசளவு வெளிச்சம்.
இது எத்தனை வருஷமாய் இருக்கிறதோ.
பாதி ஷெட்டில் நின்று
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கை நடுங்க.

"இன்னாடி, தண்ணி கெடச்சிச்சா?" என்கிறாள் எஸ்தர்.

"இரு. தேடிகினு கீறேன்."