பதினோராம் கேமரா

அஸ்தம்பட்டியில் மின்விசிறி கீச்சிடும் அறை.
வாட்சர் கரிராமன் கொண்டுவந்த மெமரி கார்டில்
ஒட்டியிருக்கிறது ஒரு நாயுருவி முள்.
படத்துக்கு முப்பது பைசா.
பெயர் தெரிந்தால் பெயர்,
இல்லாவிட்டால் 'காலி'.

முதல் நாளே தெரிந்துவிட்டது,
சேர்வராயன் சரிவில் பாதிக்கு மேல் காலி.
காற்றுக்கு ஆடிய உண்ணிச்செடி.
உதிர்ந்த உசில நெற்று.
வெயில் பாறைமேல் நகர்ந்ததை
யாரோ வருவதாக நம்பி
அடுத்தடுத்து எடுத்த நாற்பது படங்கள்.
காலி, காலி, காலி.

இரவு 2.14.
சட்டகம் முழுக்கக் கறுப்பு.
கெட்டுப்போன படமென்று தள்ளப் பார்த்தேன்,
அது காட்டெருமையின் விலா.
தலை எதிலும் விழவில்லை.
அடுத்த படத்தின் ஓரத்தில்
வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பின்னங்கால்கள்
பள்ளிக்கு நேரமானதுபோல் போகின்றன.

விடியலில் ஒரு சருகுமான்
முன்னங்காலைத் தூக்கியபடி நிற்கிறது.
ஏழு படமாகியும் கீழே வைக்கவில்லை.
அவ்வளவு யோசித்து
நான் எந்த வாசலையும் மிதித்ததில்லை.

வெப்பாலைக் கிளையில் இரண்டு வெண்புள்ளிகள்.
தேவாங்கு என்றார் கரிராமன்.
எப்படிச் சொல்றீங்க, கண்ணு மட்டும்தானே தெரியுது?
"வேற எது இவ்ளோ பயந்துகிட்டு
இவ்ளோ நேரம் பாக்கும்?"

ஜூன் ஒன்பது, பகல் 11.05.
ஒரு குரங்கின் உள்ளங்கை,
ரேகைகளோடு.
பிறகு பல்.
பிறகு வானம், தலைகீழாய் மூங்கில்.
அதற்கப்புறம் பதினோராம் கேமரா
மலைப்பக்கம் திரும்பவே இல்லை.

ஆறு இரவுகள்
குறுக்கே ஒரு புல் அசையும்போதெல்லாம்
சேலத்தை எடுத்திருக்கிறது.
மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
வெள்ளைக்கல் குழிகள் நிலாவில் வெளுத்திருக்க
அதற்கப்பால் கறுப்பில் பொரிந்து கிடக்கிறது ஊர்.
ஏற்காட்டுக்கு ஏறும் லாரியொன்று
வளைவில் திரும்பும்போது மட்டும்
எல்லாம் வெளிறிப்போகிறது.

கன்னங்குறிச்சி எங்கே முடிகிறதென்று
திரையில் விரல் வைத்துத் தேடினேன்.
ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டே வந்து
பதின்மூன்றாம் தேதி மூன்றரைக்கு
அடிவாரத்தில் மிஞ்சியது ஒரே விளக்கு.
அந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல்.
ஈரத்துணி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு
ஜன்னல் வழியே மலையைப் பார்த்திருந்தேன்.
மலையில் ஒன்றுமே தெரியவில்லை.

"எல்லாத்தையும் காலின்னு போட்டுவிடு தங்கச்சி,
குரங்கு வேலை" என்று
டீ வாங்கப் போனார் கரிராமன்.

போட்டேன்,
ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்றுக்கு.
மிச்சமிருந்த ஒன்றில்

இனம்: உறுதியாகத் தெரியவில்லை.
எண்ணிக்கை: இரண்டு.
நடத்தை: விழித்திருக்கின்றன.