ஒரு அடி

வெள்ளிக்கிழமை மாலை கோயம்புத்தூரில்
டெக்லன் ஒரு அடியில் வெளியேறினான்.
கடைசிக் குழிக்கு நாலடித் தூரம்.
பந்து விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி
மனசு மாறி வெளியே நின்றுவிட்டது.
பை என் தோளில் இருந்தது.
கட்டுக்குள் வந்திருந்தால் பரிசில் எனக்கும் பங்கு,
இல்லாவிட்டால் வாரக்கூலி.
கூலியை எண்ணித் தந்துவிட்டு, "ஸாரி, பவுன்" என்றான்.
பவுன்ராஜை அப்படித்தான் கூப்பிடுவான்,
அவன் ஊர்ப் பழைய காசின் பெயராம்.

விமானம் திங்கட்கிழமை ராத்திரி.
அதுவரை லாட்ஜ் வாடகை எதற்கு,
எங்கள் எஸ்டேட்டுக்கு வாங்க சார், ஒரு கட்டில் இருக்கு என்றேன்.
சொன்ன பிறகுதான் நினைவு வந்தது,
கட்டிலுக்கு ஒரு கால் செங்கல்.

உடுமலைப்பேட்டையில் சனிக்கிழமை முதல் பஸ்.
சின்னார் செக்போஸ்ட்டில் பையை இறக்கச் சொன்னார்கள்.
இதெந்தா சேட்டா, சந்தனமோ?
கார்டு ஒவ்வொன்றாய் உருவினார், மோந்தும் பார்த்தார்.
பதினாலு கம்பு.
அதற்கு மேல் வைத்தால் எங்கள் ஆட்டத்திலும் அபராதம்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. டெக்லன் சிரித்தான்,
மூன்று நாளில் முதல் தடவை.

மறையூர் ஏறும் வளைவுகளில் தானாகவே பேசினான்.
பத்தொன்பது வயதில் தொடங்கியதாம், இப்போது நாற்பத்தொன்று.
மொராக்கோவில் மணல், கஜகஸ்தானில் காற்று,
எகிப்தில் வயிற்றுப்போக்கோடு மூன்றாம் இடம்.
டிவியில் ஒரே தடவை வந்திருக்கிறான்,
வேறொருவனுக்குப் பின்னால் குடையோடு நடந்துபோகிறவனாக.
போலந்தில் ஜெயித்தது மழையில் பாதியில் முடித்த போட்டி.
கோப்பையில் பெயரைத் தப்பாக வெட்டியிருந்தார்கள்.
திருத்தச் சொல்லவில்லையா என்றேன்.
அதற்குள் அடுத்த ஊருக்கு பஸ் வந்துவிட்டது என்றான்.

நாங்கள் போய் இறங்கியபோது கொளுந்து நிறுக்கும் நேரம்.
ஜெசிந்தா சாக்கைத் தராசில் மாட்டினாள்.
ஈர இலை என்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழித்தார்,
அன்றைய அளவுக்கு ஒன்று குறைந்தது.
டெக்லன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
குறைந்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டான்.
நான் அவளிடம் கேட்டேன்.
"என்ன ஆகும், திட்டுவாங்க" என்றாள்,
"அந்தாளு ஏன் முழிக்கிறாரு, டீ குடிப்பாரா கேளு."

ராத்திரி முழுக்கக் கட்டில் ஆடும் சத்தம்.

ஞாயிறு காலை கிளப்பில் யாருமில்லை.
ஒன்பது குழி, மேலெல்லாம் மூடுபனி.
வாட்ச்மேன் சேவியர் என் சின்னம்மா மகன்.
ஏழாவது கிரீனில் ராத்திரி யானை நடந்திருந்தது,
கொடியைத் தொடாமல், குறுக்கே.
டெக்லனின் பந்து சரியாக ஒரு தடத்துக்குள்,
அரை அங்குலத் தண்ணீரில்.
எடுத்து வைத்துக்கலாம் சார், விதி இருக்கு என்றேன்.
குனிந்து உள்ளங்கையை அந்தத் தடத்தில் வைத்து
அளந்து பார்த்தான்.
பிறகு எடுக்காமலே அடித்தான்.
முதல் அடிக்குச் சேறு வந்தது,
இரண்டாவதுக்கும் சேறு.
மூன்றாவதில் பந்து வெளியே வந்து
எங்கேயோ போனது.
யாருமில்லாத அந்த மலையில்
கார்டில் எட்டு என்று எழுதினான்.
கார்டென்றால் சாட்சிக் கையெழுத்து வேண்டுமே,
பென்சிலை என்னிடம் நீட்டினான்.
எத்தனையோ பேருக்குப் பை சுமந்திருக்கிறேன்,
யாரும் நீட்டியதில்லை.
தமிழில் போட்டேன், முழுப் பெயர்.

திங்கள் காலை அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.
கார்டை நாலாக மடித்து
செங்கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகியிருந்தான்.
ஜெசிந்தா உட்கார்ந்து பார்த்தாள்.
கட்டில் ஆடவில்லை.