ஐந்நூறு மில்லி

செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரி.
கார்த்திகையில் ஒரு வெள்ளி, இரத்தம் கழுவி முடிந்து வருகையில்
பூட்டப்போகிற கடையொன்றில் இந்தத் தொட்டியைக் கண்டேன்.
மூலையில் கீறல். பாதி விலை.
நெடுங்கேணி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
கண்டக்டர் அதற்கும் அரை ரிக்கெற் கிழித்தான்.

அறுபது லீற்றர் பிடிக்கும்.
எனக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி.
சோற்றிலுள்ள ஈரமும் கணக்கு,
குளிசை விழுங்கும் மிடறும் கணக்கு.

மீன்கள் ஒன்பது நாள் இருந்தன.
பிறகு நிதர்சனா வாய்க்காலில் நுளம்பு வலையை இழுத்து
அகப்பட்டதெல்லாம் கொண்டுவந்து கொட்டினாள்:
கண்ணாடி போலப் பன்னிரண்டு இறால்,
ஏழு வாற்பேத்தை,
நத்தை மூன்று (இப்போது எண்ணுவதில்லை),
இலைச் சருகென்று நினைத்த ஒரு தும்பிக் குடம்பி.
சருகு இரண்டு வாற்பேத்தையைத் தின்ற பிறகுதான்
ஜாம் போத்தலுக்கு மாற்றினேன்.
யாரும் பாராத புதன்கிழமை காலை
ஈர்க்கில் ஏறி, முதுகு வெடித்து,
தோலை எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிற்று.

முதன்முதல் செத்த இறாலை
விரலால் எடுத்து குரோட்டன் அடியில் போட்டேன்.
திரும்பி வந்து எண்ணினால் பன்னிரண்டு.
செத்தது சட்டை மட்டும்.
உரித்ததை அதுகளே தின்னும், எடுக்கக் கூடாதாம்.
தெரியாமல் ஒருவனின் சாப்பாட்டைக் கொட்டியிருக்கிறேன்.

எங்கள் கிணறு குடிக்கக் கூடாது என்று
சுகாதாரப் பரிசோதகர் சிவப்பில் எழுதிவிட்டுப் போனார்.
அதுதான் காரணமா என்று கேட்டேன்.
இருக்கலாம் என்றார்.
கேத்திலின் அடியில் சுண்ணாம்பு விரல் கனத்துக்கு.
நல்லதே செய்வோம் என்று
காசுக்கு வாங்கும் வடித்த தண்ணியை
ஒரு மாதம் தொட்டிக்கு விட்டேன்.
நத்தைகளின் முதுகு வெளுத்துக் குழி விழுந்தது.
இரண்டு இறால் சட்டை பாதி கழன்றபடி நின்றுவிட்டன.
பிறகு பழையபடி கிணறு,
சனிக்கிழமைக்குப் பத்து லீற்றர், கப்பியில் நானே இழுத்து.
இப்போது ஓடுகள் கறுத்து மினுங்குகின்றன.
எனக்குள் எங்கே போய் உட்கார்ந்ததோ அந்தக் கல்,
இதுகள் அதை முதுகில் போட்டுக்கொண்டு
கண்ணாடியில் ஏறுகின்றன.

வாற்பேத்தைக்கு முதலில் பின்கால்.
முன்கால் வந்ததும் வாய் மூடிவிடுகிறது;
ஒன்றும் தின்னாது, வால்தான் சாப்பாடு.
அந்தக் கிழமை ஏறியிருக்க ஒரு கல் வேண்டும்,
இல்லாவிட்டால் பிறந்த தண்ணியிலேயே மூச்சு முட்டிச் சாகும்.
முற்றத்து ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு நாக்கு மரக்கட்டை.
எழும்பித் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு
கையை மணிக்கட்டு வரை விட்டுக்கொண்டிருப்பேன்.
பவளராணி வந்து லைற்றைப் போடுவாள்.
முகத்தைப் பார்ப்பாள், உதட்டைப் பார்ப்பாள்,
லைற்றை நிற்பாட்டிவிட்டுப் போவாள்.

நேற்றிரவு கடைசி நூறு மில்லியை
மூடாமல் வைத்துவிட்டேன்.
எழும்பிப் பார்த்தால் ரம்ளருக்குள்
விரல் நகமளவு ஒருத்தன்,
வாலின் தழும்பு இன்னும் ஆறவில்லை,
வயிறு முழுக்கத் தண்ணியில்.
வாயால் குடிப்பதில்லை, தோலால்தான் குடிக்கும்
என்று நிதர்சனா சொல்லியிருக்கிறாள்.

பவளராணி வந்தாள். லைற். முகம். உதடு. ரம்ளர்.
"ஊத்திப்போட்டு வேற நூறு எடுங்கோவன்."
"அப்ப கணக்கு?"
"நீங்க குடிக்கேல்லையே."
சிரிப்பு வந்தது அவளுக்கு, இந்த வருடத்தில் முதல் தரம்.
நான் ஊற்றவில்லை. வேறு எடுக்கவுமில்லை.
விடியும் மட்டும் அவன் இருந்தான்,
நான் இருந்தேன்,
தாகமும் இருந்தது.

தண்ணிக் கொப்பியில் எழுதினேன்:
வியாழன். நான் நானூறு. தவளை நூறு.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரத்திலும்
தவளையை வெட்டி
தேரை என்று திருத்திவிட்டுப் போயிருக்கிறாள் மகள்.