பதினொரு பிழைகள்

முதலில் வந்தவர்கள் எல்லாரும்
மோராக்கைப் பார்க்காமலே காதலித்தார்கள்.
'உங்களைப் போன்ற ஒருவரைத்தான்
இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தோம்'
என்று எழுதினார்கள், பெயரைத் தப்பாக.
உறையில் தாள் மடித்துப் போட
வாரம் ஆயிரம் டாலர்.
வருகிற பொட்டலத்துக்கு வேறு முகவரி ஒட்டினால்
அதற்கும் மேலே.
பதிவுக் கட்டணம் நாற்பதுதான்,
அதுவும் திரும்பக் கிடைத்துவிடும்.

கிளேஸ் பே. பிப்ரவரி.
சன்னலின் கீழ்ப்பாதியைப் பனி தின்றுவிட்டது.
பக்கத்து அறையில் எவானின் ஆக்சிஜன் இயந்திரம்
அவனைவிட நன்றாக மூச்சு விட்டது.
இரண்டு மணி நேரத்துக்கு மேல்
அவனைத் தனியே விட முடியாது.
இஸ்திரி மேசைதான் அலுவலகம்.
உயர்த்தலாம், தாழ்த்தலாம்,
முழங்கை பட்டால் ஆடும்.

ஒருநாள் காசோலையே வந்தது.
இரண்டாயிரத்து நானூறு.
கணினிக்குப் போக மீதியை
எங்கள் ஆளுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்,
இன்றைக்கே.

வங்கியில் யுவெட் அதை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
பிறகு மோராக்கின் முகத்தைப் பார்த்தாள்.
'இந்த மாதம் நீங்கள் நாலாவது ஆள்'
என்றாள், வரிசையில் நிற்பவர்களுக்குக்
கேட்காத குரலில்.
மோராக் கையுறையை மாட்டிக்கொண்டாள்,
இடதை வலதில்.

எவானிடம் சொன்னது: வங்கி மூடியிருந்தது.
மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதியது:
சம்பளம் தருகிறவன் எதற்கு
என்னிடம் காசு கேட்கிறான்?
அதன் கீழே, கோடிட்டு:
அவசரம் எனக்குத்தானே?
அவனுக்கு ஏன்?

மார்ச் கடைசியில்
ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு கடிதம்.
விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டுத்
தட்டச்சு செய்து தரும் நிறுவனம்.
அன்பு என்று ஒரு சொல் இல்லை அதில்.
'தேர்வில் பதினொரு பிழைகள்.
தற்போது ஏற்பதற்கில்லை.
மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதலாம்.'
ஒலி நிமிடத்துக்கு எண்பது சென்ட் என்று
கூச்சமில்லாமல் போட்டிருந்தார்கள்.
கூப்பிட்டுப் பார்த்தாள்.
சளி பிடித்த ஒரு பெண் எடுத்தாள்,
'ஆமாம், அவ்வளவுதான் தருகிறோம்' என்றாள்,
தும்மினாள்.

மோராக் கடிதத்தை மறுபடி படித்தாள்.
எங்கோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து
அவள் தட்டிய மூன்று பக்கத்தையும்
வரிவரியாக வாசித்திருக்கிறார்.
விட்டுப்போன காற்புள்ளியைக்கூட
விடவில்லை.

'எதற்குச் சிரிக்கிறாய்?' என்றான் எவான்.

'வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்'
என்றாள் அவள்,
இஸ்திரி மேசையை
ஒரு படி உயர்த்திக்கொண்டே.